கருவாட்டுக் கூடையும் பூக்கூடையும்

பள்ளிக்கூடத்து நீதிபோதனை வகுப்பில் பலரும் கேட்ட கதைதான். மீன் விற்கிற பெண்ணொருத்தி, பொழுது சாய்ந்துவிட்டதால் வழியில் ஒரு பூக்காரி வீட்டில் தங்குகிறாள். பூவாசத்தில் அவளுக்குத் தூக்கமே வரவில்லை. புரண்டு புரண்டு படுக்கிறாள். கடைசியில் எழுந்து போய், தன் மீன் கூடையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, தலைமாட்டில் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறாள். அப்புறம் என்ன, குறட்டைதான்.

ராமகிருஷ்ண பரமஹம்சர் உலகப்பற்றை விளக்கச் சொன்ன கதை இது. அவர் சொன்ன காரணம் வேறு. ஆனால் வகுப்பில் அதைக் கேட்ட பிள்ளைகள் சிரித்தது பற்றையோ பந்தத்தையோ நினைத்து அல்ல. மீன் கூடையை நினைத்துத்தான்.

அந்தச் சிரிப்பில் யாரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. மறுநாள் அந்தப் பூக்காரி மீன்காரி வீட்டில் தங்கியிருந்தால்? அவளும் விடிய விடிய விழித்துத்தான் கிடந்திருப்பாள். பழகிய வாசத்தில் தூக்கம் வரும், பழகாத வாசத்தில் வராது. இது இரண்டு பேருக்கும் பொது. ஆனால் தூங்காத பூக்காரியைப் பற்றி யாரும் கதை கட்டவில்லை. கேலிக்கு ஆளானது ஒரு கூடை மட்டும்தான்.

அந்தக் கதை இன்றும் முடியவில்லை. சேலத்திலும் நாமக்கல்லிலும் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டைச் சுற்றிக் காட்டி, குழாயைத் திறந்து காட்டி, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்த பிறகு, வாசலில் நின்றுகொண்டு வீட்டுக்காரம்மா கடைசியாக ஒன்று சொல்வார்:

"கறி, கோழி எல்லாம் தாராளமாச் செஞ்சுக்குங்க, நாங்களும் சாப்பிடறவங்கதானுங்க. கருவாடு மட்டும் வேண்டாங்க. மாடி வரைக்கும் அடிக்கும்."

'நாங்களும் சாப்பிடறவங்கதான்' என்ற அந்த இரண்டு வார்த்தையில்தான் இந்தக் கட்டுரைக்கான சண்டையே இருக்கிறது.

யார் போட்ட தடை?

கருவாட்டைச் சைவர்கள் வெறுக்கிறார்கள் என்று சொன்னால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும். ஆனால் கணக்கு இடிக்கிறது. மத்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டம் 2014-இல் எடுத்த அடிப்படைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 97.65 சதவீதம் பேர் அசைவம் சாப்பிடுகிறவர்கள். நூற்றுக்கு இரண்டரைப் பேருக்கும் குறைவாக இருக்கிறவர்கள் ஊர் முழுக்க இருக்கிற வாடகை வீடுகளுக்கு எப்படிச் சட்டம் போட முடியும்? முடியாது. கருவாட்டுக்குத் தடை போடுகிறவர்களில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் வரிசையில் நிற்கிறவர்கள்தான்.

2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் உணவகம் ஒன்றில், சைவத்துக்குத் தனி வாசல், தனிக் கைகழுவுமிடம், அசைவத்துக்குத் தனி என்று அறிவிப்பு ஒட்டினார்கள். நாடே பேசியது. தீண்டாமை என்று மாணவர்கள் கொதித்தார்கள். அறிவிப்பை எடுத்துவிட்டார்கள். நல்லது. ஆனால் அன்றைக்குக் கொதித்தவர்களில் எத்தனை பேர், அறை நண்பன் ஊரிலிருந்து கருவாட்டுத் தொக்கு கொண்டுவந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு "டேய், மூடுடா டப்பாவை" என்று சொல்லாமல் இருந்தார்கள்? அந்த அறிவிப்பை எதிர்ப்பது சுலபம், எழுதியவர் வெளியாள். கருவாட்டின் மேல் இருக்கிற தடையை எதிர்ப்பதற்கு ஆள் கிடைப்பதில்லை. எதிர்க்க வேண்டியவர்களே அதைப் போட்டிருக்கிறார்கள்.

விஷயம் மூக்கு அல்ல. ஏணி. பழைய சோறு, களி, கம்பங்கூழ், கருவாடு எல்லாம் ஏணியின் கீழ்ப்படி. கறி நடுப்படி. பிரியாணி அதற்கும் மேலே. ஒரு படி ஏறிய குடும்பம் முதலில் மறக்க விரும்புவது கீழ்ப்படியின் வாசத்தை. கூழும் களியும் பிழைத்துக்கொண்டன. 'சிறுதானியம்' என்று பெயர் மாற்றி, சர்க்கரை நோய்க்கு நல்லது என்று டாக்டர் சொன்னதும், கண்ணாடிக் கிண்ணத்தில் ஏறிவிட்டன. பழைய சோறுகூட மண்சட்டியில் வைத்து விலை போட்டு விற்கப்படுகிறது. கருவாட்டுக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. காரணம், அதை ஒளித்து வைத்துச் சாப்பிட முடியாது. அடுப்பில் வைத்த ஐந்தாவது நிமிஷம் தெருவுக்கே சொல்லிவிடும் :-)

கடல் இல்லாத ஊரின் கடல்

சேலத்திலிருந்து பக்கத்தில் இருக்கிற கடற்கரைக்குப் போகவே ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். ஐஸ் பெட்டியும் குளிர்சாதன வண்டியும் வருவதற்கு முன் இந்தச் சமவெளிக்குக் கடல் மீன் வந்துசேர ஒரே வழிதான் இருந்தது. உப்புப் போட்டு, வெயிலில் காய்ந்து, சாக்கில் கட்டி வருவது. 1934-இல் மேட்டூர் அணை திறந்த பிறகு ஏரி மீன் தாராளமாகக் கிடைத்தது உண்மை. ஆனாலும் வாரச் சந்தைகளில் கருவாட்டுக்காரர்களின் சாக்கு விரிப்பு போகவில்லை. ஓமலூர் பக்கத்து விவசாயிக்கும், ராசிபுரத்து ஆடு மேய்ப்பவருக்கும், எடப்பாடி தறிக்காரருக்கும் கடல் என்பது அந்தச் சாக்கு விரிப்புதான். நெத்திலி, வாளை, காரப்பொடி, சென்னாக்கூனி, பால் சுறா. கடலையே பார்க்காத பாட்டிகளுக்கு இத்தனை மீன் பெயரும் தெரியும்.

இன்றைக்குப் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறிக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிற பெண், குளிர்சாதனப் பெட்டி இல்லாத ஒற்றை அறையில், அரை மணி நேரத்துக்குள் நாலு பேருக்குச் சோற்றுக்கு ஒரு குழம்பு வைக்க வேண்டும். கறி வாங்க வாரக் கூலி நாள் வர வேண்டும். கோழி வாங்கினால் அன்றைக்கே ஆக்கியாக வேண்டும். பரண்மேல் டப்பாவில் இருக்கிற கருவாடு கெடாது, ஒரு கைப்பிடி எடுத்தால் போதும், ஒரு கைப்பிடியே ஒரு சட்டிச் சோற்றை இறக்கிவிடும். தண்ணீர் போய்விட்டதால், எடைக்கு எடை பார்த்தால் பச்சை மீனைவிட இதில் புரதம் அதிகம். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் கால்சியம் வேறு. இரண்டு நிமிஷ நூடுல்ஸ் என்று விளம்பரத்தில் வருகிறதே, அது வருவதற்குப் பல தலைமுறைக்கு முன்பே இந்த ஊரின் அவசரச் சாப்பாடு இதுதான்.

அந்தப் பெண்ணிடம்தான் "கருவாடு மட்டும் வேண்டாங்க" என்று சொல்லப்படுகிறது. அதற்கு அர்த்தம், வேறு ஏதாவது வாங்கிக்கொள் என்பதல்ல. பெரும்பாலும், வெறும் ரசம் சோறு தின்னு என்பதுதான்.

கோழிக்கு மட்டும் சலுகை

நாமக்கல் என்றால் முட்டை. தினமும் லாரி லாரியாக இங்கிருந்து போகிறது. சத்துணவுத் தட்டிலும் அதுதான், கேரளத்துக்குப் போவதும் அதுதான். அந்த முட்டையிடும் கோழி என்ன சாப்பிடுகிறது? மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு... இவற்றோடு காலங்காலமாகச் சேர்க்கப்பட்டு வந்த இன்னொன்று கருவாடு. ராமேசுவரம் பக்கம் 'சங்காயம்' என்று ஒரு வார்த்தை உண்டு. வலையில் சிக்குகிற, மனிதர்கள் வாங்காத பொடி மீன்களுக்கு அந்தப் பெயர். அதைக் காயவைத்துக் கோழித் தீவனத்துக்காக நாமக்கல்லுக்கு லாரியில் ஏற்றி அனுப்புவார்கள்.

ஆக, கருவாடு நாமக்கல்லுக்குள் வரலாம், வந்து கோழியின் வயிற்றுக்குள் போகலாம். கோழி அதை வெள்ளை ஓட்டுக்குள் வைத்துக் கொடுத்துவிட்டால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. முட்டையைச் சைவம் என்று வாதாடுகிற புண்ணியவான்களும் உண்டு! அந்தத் தீவன மூட்டையை முதுகில் சுமந்து இறக்கிய தொழிலாளி, சாயங்காலம் தன் வாடகை வீட்டில் ஒரு பிடி நெத்திலியை வறுத்தால் மட்டும் மாடி வரைக்கும் அடிக்கிறது.

உப்புக்காக நடந்தவர்கள்

இந்த ஊருக்கும் உப்புக்கும் ஒரு பெருமையான உறவு உண்டு. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாகிரகப் பயணத்தை நடத்திப் போன ராஜாஜி, சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். அந்தத் தொண்டர்கள் பாடிக்கொண்டு போன பாட்டை எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. இரண்டு பேரையும் இரண்டு மாவட்டமும் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும்.

ஆனால் உப்பு வரி யார் வயிற்றில் அடித்தது என்று பாடப்புத்தகம் சொல்லும்போது, சோற்றுக்கு உப்பில்லாத ஏழை என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அந்த வரி கருவாட்டையும் அடித்தது. இந்தியக் கடல் மீன்வளத்தை ஆராய்ந்த ஃபிரான்சிஸ் டே, 1873-இல் வெளிவந்த தன் அறிக்கையிலேயே, உப்பின் விலையால் மீன் பதப்படுத்தும் தொழில் நசுங்குகிறது என்பதை எழுதியிருக்கிறார். கணக்கு எளிது. நன்றாக உப்பிட்டால் மீன் கெடாமல் காயும். உப்பு விலை ஏறினால் உப்பைக் குறைப்பார்கள், அல்லது மண் கலந்த மட்ட உப்பைப் போடுவார்கள். மீன் பாதி காய்ந்து பாதி அழுகும். நாற்றம் வரும். அப்புறம்தான் சென்னை மாகாணக் கடற்கரையில், வரியில்லாத உப்பு கொடுத்து மீன் பதனிடுவதற்கென்றே அரசாங்கக் களங்கள் திறந்தார்கள். உப்பு வரி முழுக்கப் போக 1947 ஆனது.

அதாவது, கருவாட்டின் 'நாற்றம்' என்று சொல்லப்பட்டதில் ஒரு பங்கு மீனுடையது அல்ல, வரியுடையது. அந்த வரிக்கு எதிராக நடந்தவர்களுக்குச் சிலை உண்டு, நினைவில்லம் உண்டு. அந்த உப்பைப் போட்டுக் காயவைத்த மீனுக்குச் சமையலறையில் இடமில்லை. உப்புக்கு ஒரு நியாயம், கருவாட்டுக்கு ஒரு நியாயமா?

வெள்ளைக்காரனின் கருவாடு

இங்கிலாந்தில் கிப்பர் என்று ஒன்று உண்டு. ஹெர்ரிங் மீனை முதுகோடு பிளந்து, உப்பிட்டு, விறகுப் புகையில் தொங்கவிட்டுப் பதப்படுத்துவது. புகை போட்ட கருவாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாட்டுக்கு அதைச் சாப்பிடுவார்கள். வீடெல்லாம் அடிக்கும். அவர்களுக்கும் அது தெரியும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? வறுப்பதற்குப் பதில், உயரமான ஒரு ஜாடியில் மீனைத் தலைகீழாக நிறுத்தி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடிவிடுவது. சில நிமிஷத்தில் மீன் பதமாகிவிடும், வாசமும் தண்ணீரோடு அடங்கிவிடும். புகை போட்ட இன்னொரு மீனான ஹேடக்கைப் பாலில் மெல்லிய சூட்டில் வேகவைப்பார்கள். அந்த மீனை உதிர்த்து, சோறும் அவித்த முட்டையும் சேர்த்தால் கெட்ஜரி. பெயரைக் கேட்டதும் புரிந்திருக்கும். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் இங்கிருந்து கொண்டுபோன கிச்சடிதான் அது.

லண்டனுக்கும் பிரைட்டனுக்கும் இடையே பிரைட்டன் பெல் என்று ஒரு சொகுசு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1972-இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பு அந்த ரயிலின் சாப்பாட்டுப் பட்டியலிலிருந்து கிப்பரை எடுத்தபோது, ஊரே மதித்த நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் அதற்கு எதிராகக் குரல் கொடுத்தார். சொகுசு ரயிலில், மூடிய பெட்டியில், புகை மீன் வேண்டும் என்று! இங்கே சேலத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிற மாணவன், அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சோற்றுக்கு ஓரத்தில் வைத்த கருவாட்டு வறுவலை ஜோலார்பேட்டை தாண்டியும் திறக்கத் துணியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

தமிழர்களுக்கும் புகை மீன் தெரியும். சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டை மாதிரி காயவைத்ததுதான் மாசி. மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் செய்வது. யாழ்ப்பாணத்துச் சமையலில் சம்பலுக்கு இடித்துப் போடுவது. இதே மாதிரி சூரை இனத்து மீனை வேகவைத்து, புகை போட்டு, காயவைத்து, சீவிப் போடுவதுதான் ஜப்பானியரின் கட்சுவோபுஷி. ஜப்பானியச் சூப்பின் உயிரே அதுதான். இத்தாலிக்காரர் உப்பிலிட்டுப் பீட்ஸாவில் போடும் ஆன்ச்சோவி, நெத்திலியின் நெருங்கிய சொந்தம். அதற்குக் கூடுதல் விலை கொடுத்து 'எக்ஸ்ட்ரா டாப்பிங்' கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே இனத்து மீன், அதே உப்பு. பெயர் மாறியதும் மூக்கு வேறு தீர்ப்புச் சொல்கிறது.

சரி, வாசம் இல்லையா?

இருக்கிறது. இல்லை என்று சாதிப்பது ஏமாற்று வேலை. கடல் மீனின் உடம்பில் உப்புத் தண்ணீரைச் சமாளிக்க ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. மீன் செத்த பிறகு அது சிதைந்து டிரைமெத்திலமைன் என்ற பொருளாகிறது. மீன் வாடை என்பது பெரும்பாலும் அதுதான். ஆற்று மீனில், ஏரி மீனில் அந்தப் பொருள் குறைவு. புளியோ எலுமிச்சையோ சேர்ந்தால், அமிலம் அதைப் பிடித்து ஆவியாகாமல் கட்டிப்போட்டுவிடும். கருவாட்டுக் குழம்பில் ஏன் அத்தனை புளி என்று பாட்டியைக் கேட்டால் 'அப்பத்தான் நல்லாருக்கும்' என்பார். அந்த 'நல்லாருக்கும்' என்பதற்குள் வேதியியல் இருக்கிறது.

அவசரத்துக்குச் செய்கிற முறையும் அதையொட்டியதுதான். கருவாட்டை வெந்நீரிலோ அரிசி களைந்த தண்ணீரிலோ பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும். உப்பும் மணலும் இறங்கும். தலையைக் கிள்ளிப் போட்டு, இரண்டு மூன்று தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சட்டியில் சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, பச்சை மிளகாயை வதக்கி, மஞ்சளும் புளித்தண்ணீரும் விட்டுக் கொதிவந்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். அதற்கப்புறம்தான் கருவாடு. தளதளவென்று கொதிக்கவிட்டால் மீன் உதிர்ந்து முள் வேறு சதை வேறாகிவிடும், வாசமும் ஆவியோடு கிளம்பிவிடும். ஓரத்தில் மட்டும் லேசாகக் குமிழ் விடுகிற சூட்டில் மூடி வைத்து ஏழெட்டு நிமிஷம். உப்பு மட்டும் கடைசியில் ருசி பார்த்துத்தான், பெரும்பாலும் தேவைப்படாது. ஊறவைப்பதோடு சேர்த்து அரை மணி நேரம். சுடுசோறோ களியோ, எதற்கும் சேரும்.

ஆனால் இந்த முறையை எதற்காகச் சொல்வது என்பதில் ஒரு எச்சரிக்கை தேவை. 'வாசமே வராமல் கருவாடு சமைப்பது எப்படி' என்று யூடியூபில் தேடிப் பார்த்தால் குறிப்புகள் கொட்டிக் கிடக்கும். ஜன்னலை மூடு, ஊதுபத்தி கொளுத்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே போன நேரம் பார்த்துச் சமை... இது சமையல் குறிப்பா, திருட்டுக்குப் போடும் திட்டமா? மெல்லிய சூட்டில் வேகவைப்பது மீன் உதிராமல் இருப்பதற்காக. வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாமல் இருப்பதற்காக அல்ல. ஒரு சாப்பாட்டை ஒளிந்து ஒளிந்து செய்யக் கற்றுக்கொள்கிற குழந்தை, அந்தச் சாப்பாட்டோடு சேர்த்து அதைச் சமைத்த தன் அம்மாவுக்காகவும் வெட்கப்படக் கற்றுக்கொள்கிறது. அது அந்தக் குழம்பின் வாசத்தைவிட நெடுநாள் நிற்கும்.

நியாயமான கேள்விகள்

"பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்காத வாசத்தை அவர்மேல் திணிப்பது சரியா?" சரியல்ல. அக்கம்பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஒருவருக்கொருவர் கடமை உண்டு. ஜன்னலைத் திறந்து வை, புகைபோக்கி விசிறியைப் போடு, கழுவிய தண்ணீரையும் தலைகளையும் பொதுச் சாக்கடையில் கொட்டாதே. எல்லாம் நியாயம். ஆனால் அந்த நியாயம் எல்லா வாசத்துக்கும் பொதுவாக இருக்க வேண்டும். நெடி ஏறித் தெருவே தும்மும்படி மிளகாய் வறுப்பதற்கு யாரும் வீட்டு ஒப்பந்தத்தில் ஷரத்துப் போடுவதில்லை. ஆடி மாதத்தில் கோயில் குழாய் ஒலிபெருக்கி காதைக் கிழிப்பதற்கும் போடுவதில்லை. சாம்பிராணி ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரர் இருக்கிறாரா என்று யாரும் விசாரிப்பதில்லை. ஒரே ஒரு வாசத்துக்கு மட்டும் சட்டம் இருந்தால், அது வாசத்துக்கான சட்டம் அல்ல, ஆளுக்கான சட்டம்.

"வீடு அவருடையது, நிபந்தனை போட அவருக்கு உரிமை இல்லையா?" இருக்கலாம். உரிமை இருக்கிறது என்பதாலேயே அது நியாயம் ஆகிவிடாது. தனி டம்ளர் வைத்திருந்த டீக்கடைக்காரரும் 'கடை என்னுடையது' என்றுதான் சொன்னார்.

"உடம்புக்குக் கெடுதல் இல்லையா?" இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கருவாட்டில் உப்பு மிக அதிகம். ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தவிர்ப்பதோ வெகுவாகக் குறைப்பதோ நல்லது. மற்றவர்களும் நன்றாக ஊறவைத்து, அளவோடு சாப்பிட வேண்டும். சீன முறையில் உப்பிட்ட மீனை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்திருப்பதும் உண்மைதான். அதே அமைப்பு, சாஸேஜ், ஹாம், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியையும் 2015-இல் அதே பட்டியலில் சேர்த்தது. சாஸேஜ் சாப்பிடுகிறவருக்கு யாராவது வீடு இல்லை என்று சொன்னதுண்டா? உடம்பின் மேல் அக்கறை என்றால் அறிவுரை சொல்வார்கள், அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டார்கள்.

"சுத்தமாகச் செய்கிறார்களா?" எல்லா இடத்திலும் இல்லை. மணலில் நேராகக் கொட்டிக் காயவைப்பது, ஈயும் நாயும் சுற்றுவது, மழையில் நனைந்ததை மறுபடி காயவைப்பது எல்லாம் நடக்கிறது. இதற்குத் தீர்வும் கையில் இருக்கிறது. தரைக்கு மேலே வலைப் பரண் கட்டிக் காயவைத்தாலே மணல் பிரச்சினை தீர்ந்தது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மீன் உலர்த்துவதற்கென்றே சூரிய உலர்த்திகளை உருவாக்கியிருக்கிறது. கடற்கரையில் கருவாடு போடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதிலும் ஏழைப் பெண்கள். அவர்கள் கைக்கு அந்தப் பரணும் உலர்த்தியும் போய்ச் சேர வேண்டும் என்று யார் கேட்பது? சாப்பிடுகிறவர்கள்தான் கேட்க வேண்டும். ஆனால் சாப்பிடுவதையே வெளியே சொல்ல வெட்கப்படுகிறவன் எப்படிக் கேட்பான்? பால் கெட்டிருந்தால் நுகர்வோர் மன்றம் வரைக்கும் போகிற ஊர், கருவாட்டில் மணல் இருந்தால் 'கருவாடுன்னா அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறது. மதிப்பில்லாத பொருளுக்குத் தரம் கேட்க ஆள் இருக்காது. தரமில்லாததால் மதிப்பும் வராது. இந்த வட்டத்தை உடைப்பதற்கு முதலில் வெட்கத்தை விட வேண்டும்.

கடைசியாக ஒரு பழைய சண்டை

மீன் வாசத்துக்கும் அந்தஸ்துக்கும் நடக்கிற சண்டை தமிழில் புதிதல்ல. நற்றிணையின் 45-ஆம் பாட்டு இந்தச் சண்டையைத்தான் பேசுகிறது. பெரிய ஊரிலிருந்து வந்த பணக்கார வீட்டுப் பையன், கடலோரக் குப்பத்துப் பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்துச் சுற்றிச் சுற்றி வருகிறான். அவளும் அவள் தோழியும் சுறா மீனைத் துண்டு போட்டு வெயிலில் காயவைத்து, பறவைகள் கொத்தாமல் காவல் காத்துக்கொண்டிருக்கிறார்கள். கருவாடு போடுகிற களம். அவனிடம் தோழி சொல்வது இதுதான்: எங்கள்மேல் மீன் வாடை அடிக்கிறது, கிட்டே வராதே, எட்டி நில். எங்கள் வாழ்க்கை எங்களுக்கு, உனக்கு ஈடாக எங்கள் ஊரிலும் ஆள் இருக்கிறார்கள்.

ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பாட்டு. அதில் மீன் வாடை அடிக்கிற பெண் வெட்கப்படவில்லை. ஊதுபத்தி கொளுத்தவில்லை. விலகி நிற்கச் சொன்னது அவள் பக்கத்து ஆள். தமிழ் வகுப்பில் சங்க இலக்கியம் என்று மார்தட்டுகிறவர்கள், மத்தியானம் மணி அடித்ததும் பக்கத்து பெஞ்சு டப்பாவைப் பார்த்து மூக்கைப் பொத்துவது என்ன நியாயம்?

பூக்காரி வீட்டுக் கதையை இனி யாராவது சொன்னால், அந்த மீன்காரி செய்த காரியத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அவள் பூக்கூடையைத் தூக்கி வெளியே எறியவில்லை. பூக்காரியிடம் "இந்த வாசம் எனக்கு ஆகாது, நீ வெளியே போ" என்றும் சொல்லவில்லை. தன் கூடையைத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள், அவ்வளவுதான். பூக்காரியும் அன்றைக்கு அதைப் பொறுத்துக்கொண்டாள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கூடையும் ஒரு ராத்திரி இருந்திருக்கின்றன.

பள்ளிபாளையத்தில் தறி முடிந்து வருகிற பெண்ணும் அவ்வளவுதான் கேட்கிறாள். அரை மணி நேரம், ஒரு சட்டி, ஒரு பிடி நெத்திலி. அடுத்த முறை மாடிப்படியில் அந்த வாசம் ஏறி வந்தால் மூக்கைப் பொத்துவதற்கு முன், உங்கள் வீட்டு அடுப்பில் கடைசியாக அது எப்போது கொதித்தது, யார் வைத்தது என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். பலருக்குப் பசிக்கும் :-)